ஓடைப் பக்கமாகச் செல்லவும்

வசந்தாமணிக்கு வாசல் கிழக்குப் பார்த்து இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்தான். டாலஸுக்கு வடக்கே புதிதாக முளைத்த குடியிருப்பு ஒன்று விடாமல் சனி ஞாயிறுகளில் ஏறி இறங்கி, இங்கே அடுப்பு மூலை சரியில்லை, அங்கே தெருக்குத்து, இன்னொன்றில் மாடிப்படி நேராக வாசலில் போய் முட்டுகிறது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் கட்டினாள். அவள் கணவர் கிட்டுசாமி டெலிகாம் கம்பெனியில் இன்ஜினீயர். சாய்வு நாற்காலி போட இடம் இருந்தால் எந்த வீடும் அவருக்குச் சரி. வண்டி ஓட்டி ஓட்டி அவர் நொந்துபோன சமயத்தில்தான் ப்ரேரி ஹெரிடேஜ் என்ற குடியிருப்பில் அந்தக் கடைசி வீடு அகப்பட்டது. கிழக்கு வாசல், தென்கிழக்கில் சமையலறை, ஈசானியத்தில் காலியிடம். தெரு முடியும் தெற்குக் கோடியில், வீட்டை ஒட்டினாற்போல அடர்த்தியாகச் செடார் மரங்கள். விற்க வந்த பெண் அதை கிரீன்பெல்ட் என்றாள். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது என்று இவளும் பூரித்துப் போனாள்.

திசைகாட்டி வைத்து மூலை மூலையாகப் பார்த்தவளுக்கு, நாலு எட்டு நடந்து அந்த மரங்களுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. கிரகப்பிரவேசம் நடத்தி, பால் காய்ச்சி, தெரிந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டு முடித்த பிறகு, ஒரு சனிக்கிழமை காலை, வயதான கறுப்பினப் பெண்மணி ஒருவர் காரிலிருந்து புல்வெட்டும் மிஷினை இறக்கி மரங்களுக்குள் தள்ளிக்கொண்டு போவதைக் கண்டாள். கிட்டுசாமி போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“அம்மிணி, தெக்கால இருக்கறது கிரீன்பெல்ட் இல்ல, இடுகாடு,” என்றார். “பயப்படாத. எல்லாம் இங்கிலீஷ் பேய்ங்க. நாம பேசறது அதுகளுக்குப் புரியாது.”

அவருக்குச் சிரிப்பு. இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தெருவில் பிணம் கிடந்தால் அதை எடுக்கும்வரை அடுப்புப் பற்றவைக்காத ஊரில் வளர்ந்தவள் அவள். பணத்தைக் கொட்டி வாங்கிய வீட்டை விட்டுவிட்டு ஓடவும் முடியாது.

அடுத்த வாரம் அந்தப் பெண்மணியே வந்து கதவைத் தட்டினார். பெயர் எர்னஸ்டீன் பாய்ட். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு பை நிறைய பீக்கன் கொட்டைகள். மரங்களுக்குள் அவர் தாத்தா நட்ட பீக்கன் மரத்தில் விழுந்தவை. பக்கத்து வீட்டுக்காரி என்ற முறையில் அறிமுகப்படுத்திக்கொள்ள வந்தேன் என்றார். பக்கத்து வீடு என்று அவர் சொன்னது இடுகாட்டை.

வசந்தாமணி காபி கொடுத்தாள். வீட்டில் எவர்சில்வர் டம்ளரும் பீங்கான் கோப்பையும் அடுக்கி வைத்திருக்க, பேப்பர் கப்பில் ஊற்றி, வாசலிலேயே வைத்துக் கொடுத்தாள். ஏன் அப்படிச் செய்தோம் என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

அந்தக் காபியைக் குடித்துக்கொண்டேதான் மிஸஸ் பாய்ட் ஊர்க்கதையைச் சொன்னார். இந்த வீடுகளெல்லாம் நிற்கிற மேட்டில் ஒரு காலத்தில் எல்லிஸ் சேப்பல் என்று ஓர் ஊர் இருந்ததாம். அடிமைத்தனம் ஒழிந்த பிறகு கறுப்பின மக்கள் சிறுகச் சிறுக நிலம் வாங்கி, பருத்தி போட்டு, ஒரு சர்ச்சும் ஒரு பள்ளிக்கூடமும் கட்டிக்கொண்ட ஊர். ஐம்பதுகளில் டவுன் வளர்ந்து வளர்ந்து பக்கத்தில் வந்து முட்டியது. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குக் கட்டிய புதுப் பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு கிட்டத்தில் கறுப்பர்கள் குடியிருப்பதா என்று பேச்சு எழுந்தது. உடனே நகரசபை கூடி, அந்த வீடுகள் மனிதர் வசிக்க லாயக்கற்றவை, அங்கே பூங்கா வரப்போகிறது என்று தீர்மானம் போட்டுவிட்டது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில், கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய பகுதியில் மனை கொடுத்தார்கள். போக மறுத்தவர்களின் வீட்டுக் கூரையை ஆள் வைத்துப் பிரித்தார்கள். பூங்கா வரவே இல்லை. பல வருஷம் மாடு மேய்ந்தது, அப்புறம் பில்டர் வந்தார்.

“எங்க எல்லாரையும் அனுப்பிட்டாங்க. செத்தவங்களை மட்டும் விட்டுட்டாங்க. அவங்களால யாருக்கும் தொந்தரவு இல்லையே,” என்று மிஸஸ் பாய்ட் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். ஊரைக் காலி செய்தபோது அவருக்கு எட்டு வயது.

வசந்தாமணி உச்சுக்கொட்டினாள். அவளுக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது. ஆனால் பாவப்படுவது ஒரு கணக்கு, வாசல் வழியாகப் பிணவண்டி போவது வேறு கணக்கு என்று மனசுக்குள் அவள் தனித்தனியாக எழுதி வைத்துக்கொண்டாள்.

அந்த வருஷமே ஒரு சாவு வந்தது. ஆடி வெள்ளி அதுவுமாக வாசலில் கோலப்பொடியோடு குனிந்திருந்தவள் நிமிர்ந்தால், எதிரே நீளமான கறுப்பு வண்டி, அதன் பின்னால் விளக்குப் போட்டுக்கொண்டு வரிசையாகக் கார்கள். பாதிக் கோலத்தை விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அன்று முழுக்க அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

அவள் பேங்கில் புராஜெக்ட் மேனேஜர். பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வதை ஒரே மின்னஞ்சலில் எல்லோரும் தலையாட்டும்படி எழுதுவதுதான் அவள் பிழைப்பு. குடியிருப்போர் சங்கத்தின் போர்டிலும் இருந்தாள். வக்கீல் ஒருவரைக் கேட்டாள். கல்லறைக்குப் போகிறவர்களைச் சட்டப்படி தடுக்க முடியாது, ஆனால் எந்த வழியாகப் போகலாம் என்று இடத்துக்காரர்கள் சொல்லலாம் என்றார் அவர். அது போதுமே. குழந்தைகள் சைக்கிள் ஓட்டும் தெரு, அவசர ஊர்திகள் திரும்ப இடமில்லை, வெளி வாகனங்களால் ஆபத்து என்று அழகான ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினாள். தீட்டு என்ற சொல் அதில் எங்குமே இல்லை. ஆனால் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேருக்கு அந்த ஒரு சொல்தான் வாசிக்கக் கிடைத்தது.

போர்டு தலைவர் ஜம்புநாதன் மயிலாப்பூர்க்காரர், சட்டதிட்டம் என்றால் உயிரை விடுகிறவர். அவர் அதை மெச்சி மெச்சித் தீர்மானமாக்கினார். தெருக்கோடியில் ஒரு பலகை நட்டார்கள்: கல்லறைக்கு வருவோர் ஓடைப் பக்கமாகச் செல்லவும். ஓடைப் பக்கம் என்றால் பின்னாலிருக்கும் கவுன்டி ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, கரையோரமாக ஒற்றையடிப் பாதையில் நடந்து, கடைசியில் கரிசல் மண் சரிவு ஒன்றில் ஏற வேண்டும். விசேஷ நாளில் விதிவிலக்கு வேண்டுமானால் கோடி வீட்டுக்காரர் சம்மதித்தால் போதும் என்று ஒரு வரி. கோடி வீடு வசந்தாமணியின் வீடு.

மிஸஸ் பாய்ட் புல்வெட்டும் மிஷினைக் கொண்டுவர முடியாததால் அடுத்த முறை கை அரிவாளோடு வந்தார். சமையலறை ஜன்னலிலிருந்து வசந்தாமணி அதைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி பாத்திரம் கழுவினாள்.

மகள் மானஸா ஹூஸ்டனில் குழந்தை மருத்துவர். கூடப் படித்த முகுந்தை அவளே தேடிக்கொண்டாள். மதுரைப் பக்கத்துக் குடும்பம். நிச்சயதார்த்தத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை முகூர்த்தம் குறித்தார்கள். முகுந்தின் அம்மா எதற்கெடுத்தாலும் நல்ல நேரம் பார்க்கிறவர். வசந்தாமணிக்கு மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை.

அந்த வாரம் திங்கட்கிழமை மிஸஸ் பாய்ட் மறுபடி கதவைத் தட்டினார். கையில் ஒன்றும் இல்லை. அவருடைய அண்ணன் ஓட்டிஸ் ஓக்லாந்தில் இறந்துவிட்டார். ஊரைக் கலைத்தபோது பதினெட்டு வயது. அந்தப் பள்ளத்தில் குடியிருக்க மாட்டேன் என்று கலிபோர்னியாவுக்குப் போனவர், அம்மா பக்கத்தில் படுக்க மட்டும் திரும்பி வருவேன் என்று சொல்லியிருந்தார். உடல் விமானத்தில் வருகிறது, சனிக்கிழமை காலை அடக்கம். ஜம்புநாதனுக்கு மறுப்பில்லையாம், உங்களுக்குச் சம்மதமென்றால் இந்தத் தெரு வழியாக ஒரே ஒரு முறை வண்டி வரட்டுமா என்று கேட்டார்.

சரி என்ற ஒரு சொல்தான். வசந்தாமணி அதைச் சொல்லவில்லை. வீட்டில் விசேஷம், தெரு முழுக்க கார்கள் நிற்கும், வண்டி திரும்பவே இடமிருக்காது என்றாள். மத்தியானம் வரட்டுமா என்று கேட்டார். விருந்து, போட்டோ என்று மாலை ஆகிவிடும் என்றாள். வாய் தானாகப் பேசிக்கொண்டே போனது. விதி எல்லோருக்கும் பொதுவில்லையா என்று கூடச் சேர்த்துக்கொண்டாள்.

மிஸஸ் பாய்ட், “உங்க பொண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

வியாழன் இரவில் பிடித்த மழை வெள்ளி முழுக்கப் பெய்தது. வாழை இலையைத் துடைத்துக்கொண்டிருந்த கிட்டுசாமி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

“ஒரு போன் போட்டு இப்படியே வரச் சொல்லீரலாம் அம்மிணி. எதுக்கால பொணம் வந்தா நல்ல சகுனம்னுதான் எங்கய்யன் சொல்லும்.”

“ரோட்டுல போறப்ப எதுக்கால வந்தா சகுனங்க. சீர்த்தட்டு வாசப்படி ஏறுறப்ப வந்தா? சம்பந்தியம்மா அப்படியே திரும்பிப் போயிருவாங்க. நம்ம புள்ளை வாழ்க்கைங்க.”

கிட்டுசாமி மறு பேச்சுப் பேசவில்லை. முப்பது வருஷமாக இந்த மாதிரி இடங்களில் வாயை மூடிக்கொள்வதைத்தான் அவர் நல்ல குணம் என்று நினைத்திருந்தார்.

சனிக்கிழமை விடிந்தபோது மழை விட்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்பது தட்டுகளோடு வந்து இறங்கினார்கள். ஸ்பீக்கரில் நாதஸ்வரம், கூடத்தில் மல்லிகை வாசம். தட்டு மாற்றும் நேரத்தில் மோதிரப் பெட்டியை மாடியில் வைத்துவிட்டது ஞாபகம் வந்து வசந்தாமணி பட்டுப்புடவை சரசரக்க ஓடினாள். பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே ஏதோ அசைந்தது.

மரங்களுக்கு அப்பால், ஓடைக்கரையில் ஆறு பேர் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தச் சரிவில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கறுப்புக் கோட்டு, கணுக்கால் வரை சேறு. எல்லோருமே வயதானவர்கள். நனைந்த கரிசல் காலைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. பின்னால் வெள்ளை உடுத்திய பெண்கள், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி. முன்னால் வந்தவர் ஒருவர் சறுக்கினார். பெட்டியின் தலைமாடு சாய்ந்து சேற்றில் குத்தி நின்றது. யாரும் கத்தவில்லை. மிஸஸ் பாய்ட் முன்னால் வந்து, தன் வெள்ளைக் கையுறையைக் கழற்றி, பெட்டியில் ஒட்டிய மண்ணை அதனால் துடைத்தார். அப்புறம், சறுக்கியவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, மறுபடி தூக்கினார்கள்.

வசந்தாமணி திரைச்சீலையை இழுத்து மூடினாள். கீழே போய் மோதிரத்தைக் கொடுத்தாள், ஆரத்தி எடுத்தாள், சம்பந்தியம்மாளுக்குக் குங்குமம் கொடுத்தாள். எல்லாம் மங்கலமாக முடிந்தது. அன்று எடுத்த படங்களில் அவள் ஒன்றிலும் சிரிக்கவில்லை என்பதை மானஸாதான் பிறகு கவனித்துச் சொன்னாள்.

அவள் பார்த்தது புதுக்காட்சி இல்லை, அதுதான் அவளைப் போட்டு அறுத்தது. கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் அவர்கள் தோட்டத்தை ஒட்டி, வேலிகளுக்கு நடுவே மண்பாதையாக ஓர் இட்டேரி ஓடும். அருந்ததியர் காலனிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த வழியாகத்தான் பிணம் எடுத்துப் போனார்கள். அவளுக்குப் பத்து வயதானபோது அப்பா அதைக் கிளுவை முள்ளால் அடைத்துவிட்டார். பயிர் மிதிபடுகிறது என்பது அவர் சொன்ன காரணம். அந்த ஐப்பசியில் காலனியில் ஒரு கிழவி இறந்தாள். வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர். பாடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர்கள் தண்ணீருக்குள் நடந்து போனதை வரப்பில் நின்று பார்த்தாள். பக்கத்தில் நின்ற அப்பா, அவர்களுக்கு இது பழக்கம்தான் என்றார். அன்று அவள் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. நான் இந்த மாதிரி ஆளாக வளர மாட்டேன் என்று அந்த வயசிலேயே நினைத்தாள். படித்து, கடல் தாண்டி வந்ததும் அதெல்லாம் தொலைந்தது என்றும் நினைத்தாள். அப்பாவுக்காவது முள் வெட்ட வேண்டியிருந்தது, கை கிழிந்தது. மகளுக்கு ஒரு மின்னஞ்சலே போதுமானதாக இருந்தது.

ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கிட்டுசாமி தாங்க முடியாமல் மகளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மானஸா அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.

“உனக்காகத்தான் கண்ணு பண்ணினேன்,” என்றாள் வசந்தாமணி.

“டோன்ட் ஸே தட், அம்மா. டோன்ட் புட் திஸ் ஆன் மீ,” என்று சொல்லி மகள் வைத்துவிட்டாள்.

அந்த வழியைத் திறந்தே ஆக வேண்டும். வசந்தாமணிக்கு அது ஒன்றுதான் மருந்தாகப் பட்டது. மார்ச் மாதக் கூட்டத்தில் தீர்மானத்தை ரத்து செய்யலாம் என்று எழுந்து நின்றாள். ஜம்புநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளுடைய பழைய இரண்டு பக்கத்தைத் திரையில் போட்டுப் பத்தி பத்தியாக வாசித்தார்.

“நீங்க எழுதினதுதானே மேடம்? இத்தனை பாயின்ட்டுக்கும் யார் பதில் சொல்றது? குழந்தைகள் இன்னும் சைக்கிள் ஓட்டிண்டுதானே இருக்கா?” என்றார். கேலியாக இல்லை, மனசாரத்தான் கேட்டார்.

அதெல்லாம் பொய், எனக்குத் தீட்டுப் பயம், அதை மறைக்க எழுதியது என்று சொல்ல வேண்டிய இடம் அது. எதிரே நாற்பது முகங்கள். பேங்கில் கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி, பக்கத்து வீட்டு அமெரிக்கத் தம்பதி, மானஸாவுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர். வசந்தாமணி, இப்போது அவ்வளவு வண்டி வருவதில்லை, பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று ஏதோ குழறினாள். ஓட்டெடுப்பில் தூக்கிய ஒரே கை அவளுடையது.

மறுநாள் ரயில் பாதையைத் தாண்டி மிஸஸ் பாய்டின் வீட்டைத் தேடிப் போனாள். பத்து நிமிஷ தூரம்தான், இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் போக அவளுக்கு ஒரு வேலையும் வந்ததில்லை. சின்ன மர வீடு, தெருவில் தண்ணீர் தேங்கியிருந்தது. மிஸஸ் பாய்ட் அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். வசந்தாமணி உட்கார்ந்த உடனேயே அழுதுவிட்டாள். அந்த விதியை எழுதியது நான்தான் என்றாள்.

“தெரியும். அடியில உங்க பேர்தானே இருந்தது,” என்றார் மிஸஸ் பாய்ட்.

பாதுகாப்பு என்று எழுதியது பொய் என்றாள். தீட்டு என்றால் என்ன என்று சொன்னாள். அப்பா அடைத்த இட்டேரியைச் சொன்னாள், வாய்க்காலைச் சொன்னாள். பிள்ளைகளின் தப்பான விடைத்தாளை எத்தனையோ வருஷம் திருத்திய பொறுமையோடு மிஸஸ் பாய்ட் கடைசிவரை கேட்டார்.

“இதை அந்தக் கூட்டத்துல சொன்னீங்களா?”

“இல்ல.”

“இங்க வந்து சொல்றது சுலபம்,” என்றார். “நான் உங்களை ஒண்ணும் பண்ண முடியாது.”

வசந்தாமணிக்குத் தலை நிமிரவில்லை. செருப்பால் அடித்திருந்தால் கூட இவ்வளவு வலித்திருக்காது.

பிறகு மிஸஸ் பாய்ட் விஷயத்தைச் சொன்னார். ஓட்டிஸின் அடக்கத்தன்று சறுக்கியவருக்கு இடுப்பெலும்பு விட்டுப்போனது. போன ஞாயிறு சர்ச்சில் எல்லிஸ் சேப்பல் குடும்பங்கள் எல்லாம் கூடிப் பேசின. பில்டர் ரொம்ப நாளாகவே கேட்டுக்கொண்டிருந்தார்: டவுன் கல்லறையில் இடம் வாங்கித் தருகிறேன், எல்லோரையும் மாற்றிவிடலாம் என்று. இதுவரை முடியாது என்றே சொல்லி வந்தார்கள். இப்போது சரி என்று சொல்லிவிட்டார்கள்.

“எங்கம்மா சாகிறவரைக்கும் ஒண்ணு சொல்வாங்க. நம்மளைத்தான் கிளப்பிட்டாங்க, அங்க படுத்திருக்கிறவங்களை யாரும் அசைக்க முடியாதுன்னு. இப்ப நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்.” அவர் குரல் முதன்முறையாகத் தடுமாறியது. “எனக்கு எழுபத்தேழு வயசு. என்னைத் தூக்கிட்டு என் பேரப்பிள்ளைங்க அந்தச் சேத்துல விழக்கூடாது.”

கொஞ்சம் பொறுங்கள், நான் மாற்றிக் காட்டுகிறேன் என்று வசந்தாமணி கெஞ்சினாள். முயற்சி செய்யுங்கள், நான் தடுக்கவில்லை, ஆனால் உங்களுக்காகக் காத்திருக்க எனக்கு வயசில்லை என்றார் அவர்.

ஏப்ரல் கூட்டத்தில் வசந்தாமணி சொல்லியே விட்டாள். தமிழும் ஆங்கிலமுமாக, ஒன்று விடாமல். குழந்தைகள் பாதுகாப்பு என்பது சாக்கு, சாவுத் தீட்டுக்குப் பயந்துதான் எழுதினேன், ஒரு பிணத்தைச் சேற்றில் விழ வைத்தேன், அந்த மக்களை ஒரு முறை துரத்தியது போதாதென்று இரண்டாம் முறை துரத்துகிறோம் என்றாள். சொல்லி முடித்ததும் எல்லோரும் தன்னைக் காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்து நின்றாள். துப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஆன்ட்டி, அதுல என்ன இருக்கு? எல்லாருக்கும் அந்த சென்டிமென்ட் உண்டு. நாங்களும் அதுக்குத்தானே சைன் பண்ணோம்,” என்றாள் நாலாவது வீட்டு அஞ்சனா. சிலர் இலேசாகச் சிரித்தார்கள். அமெரிக்கத் தம்பதி, அந்தக் குடும்பங்களே சம்மதித்துவிட்ட பிறகு நாம் குறுக்கிடுவது மரியாதையில்லை என்றார்கள். ஜம்புநாதன் அவள் மனநிலையைப் புரிந்துகொள்வதாகச் சொல்லி, அடுத்த விஷயமான நீச்சல்குளத்துக்குப் போனார்.

கோர்ட்டு அனுமதி வரக் கோடை முடிந்தது. அக்டோபரில் வெள்ளைக் கூடாரங்கள் போட்டு, நாள்கணக்கில் மண்ணைக் கொத்தாமல் சுரண்டிச் சுரண்டி எடுத்தார்கள். பலரிடம் எலும்பு கூட மிச்சமில்லை, கரிசல் தின்றுவிட்டது. ஒரு பித்தான், ஒரு சீப்பு, கறுத்துப்போன ஒரு பிடி மண், எதுவானாலும் அதற்கொரு சின்ன மரப்பெட்டி. நாற்பதுக்கு மேல் பெட்டிகள். ஓட்டிஸுக்கும் அந்த ஆடி வெள்ளியில் வந்தவருக்கும் மட்டும்தான் முழுப்பெட்டி.

ஓடைப் பக்கம் வண்டி வர வழி கிடையாது. அதனால் போர்டு ஒரே குரலில் தெருவைத் திறந்துவிட்டது. குடியிருப்பின் கேட்டை அகலமாகத் திறந்து, தெருவைக் கூட்டி, ஒரு காரும் நிற்காமல் பார்த்துக்கொண்டார் ஜம்புநாதன். இந்த நல்ல காரியத்துக்குப் பிள்ளையார் சுழி போட்ட வசந்தாமணி மேடத்துக்கு நன்றி என்று வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது, கை கூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன.

அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. காலையிலிருந்து வாசலில் செருப்பில்லாமல் நின்றாள். இரு பக்கத்து வீடுகளிலும் ஜன்னல்களை மூடிவிட்டார்கள். விளக்குப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வண்டியாக அவள் வீட்டு வாசல் வழியே போனது. ஒரே ஒரு சாவு இந்த வழியாகப் போகக்கூடாது என்று தடுத்தவள் எல்லிஸ் சேப்பலின் அத்தனை சாவையும் நின்று பார்த்தாள். கிட்டுசாமி வந்து, உள்ளே வா அம்மிணி, வெயில் ஏறுகிறது என்று கையைப் பிடித்தார். அவள் அசையவில்லை. அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

கடைசி வண்டி அவர்கள் முன்னால் நின்றது. மிஸஸ் பாய்ட் கண்ணாடியை இறக்கினார். மடியில் ஒரு பெட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவர் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று வசந்தாமணி தேடினாள், இருந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று. களைப்புத்தான் இருந்தது.

“இவங்கதான் எங்கம்மா. லூயெல்லா,” என்றார்.

வசந்தாமணி கை கூப்பினாள். எத்தனையோ மாதமாகச் சேர்த்து வைத்திருந்த சொற்களில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. வண்டி நகர்ந்து, தெரு முனையில் திரும்பி மறைந்தது. உள்ளே போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளச் சொல்லி அஞ்சனா எதிர் வீட்டுப் பக்கமிருந்து கையைக் காட்டினாள்.

வசந்தாமணி உள்ளே போகவில்லை. தெருக்கோடிக்கு நடந்து, பலகையைத் தாண்டி, மரங்களுக்குள் நுழைந்தாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இன்றுதான் அங்கே கால் வைக்கிறாள். குழிகளை மூடிய மண் வரிசை வரிசையாக ஈரத்தோடு கிடந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தாள். கேட்க அங்கே ஒருத்தரும் இல்லை.